பசுமைக் கொள்முதலும் வழங்குநர்களும்: கேள்வி பதில்

கேள்வி: எல்லா வழங்குநர்களுக்கும் சுற்றுச்சூழல் வினாத்தாள் அனுப்பினோம். பலர் பதிலே தரவில்லை. தந்தவர்களும் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றே நிரப்பியிருக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் வாங்கும் பொருள்களைச் செலவின்படி மட்டுமல்லாமல், அவை உண்டாக்கும் சுற்றுச்சூழல் சுமையின்படியும் வரிசைப்படுத்திப் பார்த்தால், எஃகு, அலுமினியம், சிமென்ட், வேதிப்பொருள், சரக்குப் போக்குவரத்து போன்ற சில இனங்களிலேயே பெரும்பகுதி அடங்கியிருப்பது தெரியவரும். நிலைத்தகு கொள்முதலுக்கு வழிகாட்டும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 20400 (2017) வலியுறுத்துவதும் இந்த முன்னுரிமையைத்தான். முக்கியமான அந்தச் சில வழங்குநர்களின் ஆலைக்கு நேரில் சென்று, மின்கட்டணப் பட்டியல், எரிபொருள் செலவு, தண்ணீர் அளவு, கழிவின் எடை ஆகிய நான்கை மட்டும் கேளுங்கள். இவற்றில் பெரும்பாலானவை அவர்களுடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும் என்பதால், யாரும் கற்பனையாக நிரப்ப வேண்டிய தேவை இராது.

கேள்வி: எங்கள் வழங்குநர்கள் சிறு தொழிற்கூடங்கள். மாற விருப்பம் இருந்தாலும் முதலீட்டுக்குப் பணம் இல்லை என்கிறார்கள். விலையை உயர்த்த எங்கள் நிர்வாகமும் சம்மதிக்காது.

இந்தப் பணியின் மையமே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலீடு அதிகம் தேவைப்படாத சேமிப்பிலிருந்து தொடங்குங்கள். அழுத்தக் காற்றைப் பயன்படுத்தும் ஆலைகளில், பராமரிப்பு குறைவாக இருந்தால், கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை குழாய் இணைப்புகளின் கசிவிலேயே வீணாவது அரிதன்று. இயந்திரங்கள் ஓடாத நேரத்தில் ஆலையைச் சுற்றி நடந்தால் அந்தக் கசிவு காதுக்கே கேட்கும். சுழல்விசை பம்புகளிலும் மின்விசிறிகளிலும் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்திறன் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும், ஏனெனில் அத்தேவை வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. உங்கள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரை இரண்டு நாள் அனுப்பிவைப்பது, நூறு பக்க வழிகாட்டி நூலை அனுப்புவதைவிட மிகுந்த பயன் தரும். அதில் கிடைக்கும் சேமிப்பை உடனே விலைக்குறைப்பாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது அவரிடமே இருந்தால்தான் அடுத்த மாற்றத்துக்கு முதலாகும்.

புதிய கொதிகலன், திறன்மிகு மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று பெரிய செலவு வரும் கட்டத்தில், கொள்முதல் துறையின் நடத்தைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு, ஐந்தாண்டில் முதலைத் திருப்பித் தரும் இயந்திரத்துக்காக எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. மூன்று அல்லது ஐந்து ஆண்டு ஒப்பந்தம், குறைந்தபட்சக் கொள்முதல் அளவுக்கான உறுதி, முன்கூட்டியே தரும் தேவை மதிப்பீடு ஆகியவை விலையைத் தொடாமலே நீங்கள் தரக்கூடிய உதவிகள். பட்டுவாடாவைத் தொண்ணூறு நாள் தள்ளிப்போட்டுக்கொண்டே பசுமைக்கு மாறுங்கள் என்று கேட்பது நியாயமன்று என்பதை உங்கள் நிர்வாகத்திடம் தெளிவாகவே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் கொள்முதல் ஆணையை மாற்றுவதும் அவசரச் சரக்கைக் கேட்பதும் வீண் உற்பத்தியையும் விமானச் சரக்கையும் உண்டாக்குகின்றன. அந்த உமிழ்வுக்குக் காரணம் வாங்குபவரே.

கேள்வி: சான்றிதழ் இருந்தால் போதுமல்லவா?

எதற்கான சான்றிதழ் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 14001 ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை முறைக்கானது. அங்கே செய்யப்படும் பொருள் பசுமையானது என்று அது கூறுவதில்லை. பொருளுக்கான முத்திரைகளில், ஐஎஸ்ஓ 14024இன்படி அமைந்தவை மூன்றாம் தரப்பினரால் சோதிக்கப்படுபவை. 14021இன்படி அமைந்தவை உற்பத்தியாளர் தாமே செய்யும் அறிவிப்புகள். பின்னதை ஏற்கலாம், ஆனால் ஆதாரத்தைக் கேட்டு வாங்கிய பிறகே ஏற்க வேண்டும்.

கேள்வி: வழங்குநர்கள் உண்மையாகவே மின்சாரத்தைச் சேமித்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஸ்கோப் மூன்று உமிழ்வுக் கணக்கு, அதாவது எங்கள் ஆலைக்கு வெளியே வழங்குநர்கள் உள்ளிட்ட மதிப்புச் சங்கிலியில் உண்டாகும் உமிழ்வின் கணக்கு, குறையவே இல்லை. ஏன்?

நீங்கள் செலவு அடிப்படையில் கணக்கிடுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். 2011இல் வெளியான பசுங்குடில் வாயு நெறிமுறைத் தரநிலை, மதிப்புச் சங்கிலி உமிழ்வை 15 வகைகளாகப் பிரிக்கிறது. வாங்கிய பொருள்களும் சேவைகளும் அவற்றுள் முதலாவது. அந்த வகைக்குச் செலவிட்ட தொகையைத் துறையின் சராசரி உமிழ்வுக் காரணியால் (ஒரு ரூபாய்ச் செலவுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற மதிப்பால்) பெருக்கும் முறையும் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அம்முறையில் வழங்குநரின் முன்னேற்றம் எங்குமே பதிவாகாது. அது மட்டுமன்றி, தூய்மையான பொருளுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தால் உமிழ்வு உயர்ந்ததாகவே கணக்குக் காட்டும். முக்கிய வழங்குநர்களுக்கு மட்டுமாவது அவர்களுடைய உண்மையான ஆற்றல் தரவைக் கொண்டு கணக்கிடும் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: குறைந்த விலைப்புள்ளியையே ஏற்க வேண்டும் என்பது எங்கள் விதி.

விலை என்பதை வாழ்நாள் செலவு என்று வரையறுக்க முடியுமா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் ஆணை இதற்கு வெளிப்படையாக இடம் தருகிறது. ஓயாமல் ஓடும் பம்பு ஒன்றின் வாங்கும் விலை, அது குடிக்கும் மின்சாரத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கேள்வி: மாறாத வழங்குநரை நீக்கிவிடலாமா?

உடனே வேண்டாம். நீங்கள் விலகினாலும் அந்த ஆலை வேறொருவருக்காக அதே புகையோடு ஓடும். அதை மாற்ற உங்களுக்கிருந்த செல்வாக்குதான் போய்விடும். காலவரம்பும் உதவியும் தந்து, எழுத்தில் ஒரு திட்டம் கேளுங்கள். தரவைத் திரிப்பவர்கள், கழிவை மறைவாக வெளியேற்றுபவர்கள் ஆகியோரிடம் மட்டும் இந்தப் பொறுமை தேவையில்லை.