தெரு அறிந்ததைத் தெருவுக்கே திருப்பித் தருதல்: கேள்வி பதில்

எல்லோருக்கும் இடம் தருகின்ற, நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்ற நகரக் குடியிருப்புகள் உருவாக வேண்டுமானால், அங்கு வாழ்பவர்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவை ஒன்றிணைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பலரும் கேட்டிருந்தனர். பல ஆண்டுகளாகக் குடியிருப்புக் குழுக்களோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்): எங்களுக்குச் சங்கமும் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. இதற்கு மேல் ‘அறிவு வலைப்பின்னல்’ என்று தனியாக ஒன்று எதற்கு?

சங்கம் முடிவெடுக்கும்; வாட்ஸ்அப் குழு செய்தியைப் பரப்பும். ஆனால், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்ததோடு பொருத்திப் பார்த்து, இருவருக்கும் தனித்தனியே புலப்படாத ஒன்றைக் கண்டறிந்து, பின்னால் வருபவருக்கும் பயன்படும்படி பதிந்து வைக்கும் வேலை இவ்விரண்டிலும் தானாக நடப்பதில்லை. தெருமுனையில் தண்ணீர் நிற்கிறது என்று குழுவில் ஒருவர் படம் போடுகிறார். அரை மணி நேரத்தில் அது வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. அடுத்த மழைக்கு வேறொருவர் அதே இடத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்.

இந்த வேலையின் அருமையை விளக்க நான் எப்போதும் சொல்வது 1854ஆம் ஆண்டு லண்டனில் நடந்தது. சோஹோ பகுதியில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிராட் தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கருதினார். செப்டம்பர் 8ஆம் நாள் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதுவரை பலரும் அறிந்த கதை. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. அவர் அந்தத் தெருவின் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர். ஸ்னோவின் கருத்து தவறு என்று காட்டத்தான் முதலில் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க அவரே அதை ஏற்றுக்கொண்டார். அந்த நீர் எப்படி மாசடைந்தது என்ற விடுபட்ட கண்ணியும் அவர் மூலமாகத்தான் கிடைத்தது: குழாய்க்கு அருகிலிருந்த வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார், அந்தக் குழி அடிகுழாய்க்கு நீர் தந்த கிணற்றையொட்டிக் கசிந்துகொண்டிருந்தது. மருத்துவருக்கு நோயின் போக்கு தெரியும், பாதிரியாருக்குத் தெருவைத் தெரியும். இரண்டு அறிவும் சந்திக்கும் இடத்தை, தற்செயலுக்கு விட்டுவிடாமல், நாமே அமைத்துக்கொள்வதைத்தான் வலைப்பின்னல் என்கிறேன்.

கேள்வி (புதிதாகத் தொடங்கவிருக்கும் குழு): நாங்கள் ஐந்து பேர்தான் இருக்கிறோம், பணமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு சிக்கலிலிருந்து தொடங்குங்கள். ‘எங்கள் பகுதியைப் பற்றிய எல்லாத் தகவலும்’ என்று இறங்கியவர்கள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் களைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். மழைநீர், தெருவிளக்கு, குப்பை, குழந்தைகள் சாலையைக் கடக்கும் இடம் என எதுவாகவும் இருக்கலாம். அது எல்லோரும் அன்றாடம் அனுபவிப்பதாகவும், சில வாரங்களில் ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காட்டக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

பிறகு நடந்து பாருங்கள். ஒருமுறை வடிகால் தொடர்பாக நாங்கள் தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, பொறியாளரின் வரைபடத்தைப் பார்த்துத் தெருக்களை வரைந்துகொண்டிருந்தோம். நீர் கிழக்கு நோக்கி ஓடுவதாக அதில் அம்புக்குறி இருந்தது. ஓரமாக நின்ற தூய்மைப் பணியாளர் அம்மா, ‘அது அந்தப் பக்கம் போகாதே’ என்று மெதுவாகச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசுவதற்குள் அவரே எங்களை அழைத்துப்போய், வடிகாலின் மூடியை நகர்த்தி, ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி உள்ளே போட்டார். இலை மேற்கு நோக்கி நகர்ந்தது. சாலையைத் தோண்டி மூடியபோது எப்போதோ சரிவு மாறியிருக்கிறது. அதை நாள்தோறும் கண்டவர் அவர் ஒருவரே. அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து, எந்தக் கூட்டத்திலும் அந்த இடத்தைக் கையால் தொட்டு வேலை செய்பவர் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, சந்து அல்லது ஒரு தெரு என்பதே நல்ல அலகு. பாகிஸ்தானின் கராச்சி நகரிலுள்ள ஒராங்கி என்ற பெருங்குடியிருப்பில் 1980ஆம் ஆண்டு அக்தர் ஹமீது கான் என்ற சமூகப் பணியாளர் தொடங்கிய திட்டம் இதைத்தான் செய்து காட்டியது. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கென ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பணம் திரட்டித் தன் கழிவுநீர்க் குழாயைத் தானே பதித்துக்கொண்டது. அளவெடுப்பதற்கும் வரைவதற்கும் அப்பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பெருங்குழாய்களும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று எல்லை பிரிக்கப்பட்டது. முகம் தெரிந்த இருபது வீடுகளுக்குள் ஒருவர் தவறான கணக்குக் காட்ட முடியாது என்பதே அந்த அளவின் பலம்.

கேள்வி (ஓர் ஆசிரியை): வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஆகியோரை அழைத்தாலும் கூட்டத்துக்கு வருவதில்லை. என்ன செய்வது?

அம்மா, அவர்கள் வரவில்லை என்று சொல்வதற்கு முன், நாம் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மொழியில் அழைத்தோம் என்று பார்க்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில் வைக்கும் கூட்டம், அந்நேரத்தில் பிறர் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணையும், சக்கர நாற்காலியில் வாழ்பவரையும், கைக்குழந்தைக்காரியையும் அழைக்காமலேயே விலக்கிவிடுகிறது. கூட்டம் அவர்களிடம் போக வேண்டும். அவர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும் பத்து நிமிடம் நின்று பேசினால் கிடைப்பது மூன்று மணி நேரக் கூட்டத்தில் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்கப்படுபவராக மட்டும் ஒருவரை வைத்திருந்தால் அவர் சீக்கிரம் விலகிவிடுவார்; கணக்கெடுப்பவராக ஆக்கினால் நிலைத்திருப்பார். 1985ஆம் ஆண்டு மும்பையில் நடைபாதைவாசிகளை அகற்றும் அபாயம் வந்தபோது, ஸ்பார்க் என்ற அமைப்பு அந்த மக்களையே உடன் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 6000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. எந்த அரசுக் கணக்கிலும் இல்லாதிருந்தவர்கள், தாம் யார், எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறோம், என்ன உழைக்கிறோம் என்பதைத் தம் கையால் எழுதி முன்வைத்தார்கள். நடைபாதைப் பெண்களின் ‘மகிளா மிலன்’ சேமிப்புக் குழுக்கள் அதன் தொடர்ச்சியாக எழுந்தன. பெண்கள் மற்றொரு பெண்ணின் வீட்டு வாசலில் அமர்ந்து கேட்கும்போது வரும் பதில், அறிமுகமற்ற ஆய்வாளருக்குக் கிடைக்காது.

சொல்லப்படாததையும் கவனிக்க வேண்டும். வியன்னாவில் 1990களில் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய ஒன்பது பத்து வயதுக்குப் பின் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். எந்தச் சிறுமியும் புகார் கொடுக்கவில்லை. விளையாட்டுத் திடலைப் பையன்கள் நிறைத்துக்கொள்ள, அவர்கள் பேசாமல் விலகிப் போயிருந்தார்கள். பின்னர் திடல்களைப் பிரித்து, கூடுதல் வழிகளும் உட்காரும் இடங்களும் அமைத்தபோது சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஆகவே, உங்கள் பகுதியில் யார் வருகிறார்கள் என்பதோடு, எந்த நேரத்தில் யார் காணாமற்போகிறார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி (கணினித் துறை இளைஞர்): இதற்கெனத் தனிச் செயலி ஒன்றை உருவாக்கித் தரலாமா?

உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது; ஆனால், முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தாளும் பேனாவும் எல்லோர் கைக்கும் அடங்கும். என்ன பதிய வேண்டும், யார் சரிபார்ப்பது என்பது பழகிய பிறகு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற ஏற்கெனவே உள்ள தளத்தைப் பயன்படுத்தலாம். கென்யாவின் நைரோபி நகரிலுள்ள கிபேரா, பொது வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்த பெருங்குடியிருப்பு. 2009ஆம் ஆண்டு அங்குள்ள இளைஞர்கள் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளோடு நடந்து, நீர்க்குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என ஒவ்வொன்றையும் அந்தத் தளத்தில் ஏற்றினார்கள். திறன்பேசி இல்லாதவருக்காக அச்சிட்ட ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): நாங்கள் எடுக்கும் கணக்கே எங்களை வெளியேற்றப் பயன்பட்டுவிட்டால்?

இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே அது வேலை செய்யும். ஒராங்கித் திட்டத்தின் இயக்குநராக இருந்த பர்வீன் ரஹ்மான் கராச்சியின் குடியிருப்புகளையும், நிலமும் நீரும் முறைகேடாகக் கைமாறும் விதத்தையும் ஆவணப்படுத்தி வந்தார். 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிவைத் திரட்டுவது ஆபத்தற்ற வேலை என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

ஆகையால் இரண்டு அடுக்காகப் பதியுங்கள். விளக்கு, குழாய், வடிகால் போன்ற பொதுப் பொருள்கள் வெளியே தெரியட்டும். யார் எந்த வீட்டில் வசிக்கிறார், எந்த ஆவணம் இருக்கிறது, யாருக்கு என்ன நோய் என்பவை அந்தத் தெருவை விட்டு வெளியே போகக் கூடாது. தேவையில்லை என்றால் எழுதவே வேண்டாம். தகவல் தந்தவர் பின்னர் மனம் மாறினால் அதை நீக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முதல் நாளே சொல்லுங்கள். வெளியாருக்குத் தருவதா என்ற முடிவை, அதனால் இழப்பதற்கு அதிகம் உள்ளவர்களே எடுக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு குழு வாடகைக்காரர்களின் தகவலைப் பற்றி வாக்கெடுப்பு நடத்துவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கேள்வி (வார்டுக் குழு உறுப்பினர்): அதிகாரிகள் எங்கள் தகவலை நம்புவதில்லை. ‘நீங்களே எழுதியதுதானே’ என்கிறார்கள்.

ஒரே இடத்தை, ஒரே முறையில், பலமுறை அளந்து காட்டுங்கள் ஐயா. ‘இங்கே எப்போதும் வெள்ளம்’ என்பது குறை. அதே சுவரில் நான்கு மழைகளுக்குப் பின் இடப்பட்ட நான்கு கோடுகளும், ஒவ்வொன்றின் கீழும் எழுதிய தேதியும் நேரமும் சான்று. அளப்பதற்கே அந்த அலுவலரையும் ஒருமுறை அழைத்துவிட்டால், பிறகு அவரால் அதை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால், கேட்டுக்கொள்வதாகக் காட்டிவிட்டு முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பதும் உண்டு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969ஆம் ஆண்டிலேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து, கருத்துக் கேட்பது ஏணியின் நடுப்படிதான், அதிகாரம் கைமாறுவதே மேற்படி என்று எடுத்துரைத்தார். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரெ நகரத்தில் 1989ஆம் ஆண்டு முதல் நகராட்சிப் பணத்தின் ஒரு பகுதியை எங்கே செலவிடுவது என்று மக்கள் கூடி முடிவு செய்தபோது, அவர்களின் தகவலுக்குத் தானாகவே மதிப்பு வந்தது. எனவே, ‘எங்கள் அறிக்கையைப் படியுங்கள்’ என்று மட்டும் கேட்காமல், எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், எந்த முடிவுக்கு அது பயன்படும் என்று கேளுங்கள்.

கேள்வி (ஒரு மருத்துவர்): வெப்ப அலை போன்ற நெருக்கடிகளில் இது உயிர்களைக் காக்குமா?

காக்கும். 1995ஆம் ஆண்டு ஜூலையில் சிகாகோவில் வீசிய வெப்ப அலையில், வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தனர். தனித்து வாழ்ந்த முதியவர்கள் அவர்களில் மிகுதி. நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல் என்னும் இரண்டும் அடுத்தடுத்த பகுதிகள். வறுமையிலும் தனித்து வாழும் முதியோர் அளவிலும் ஒத்தவை. ஆனால் முதலாவதில் இறப்பு விகிதம் ஏறக்குறைய பத்து மடங்கு. எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தபோது, ஆளரவமற்ற, கைவிடப்பட்ட தெருக்களில் முதியவர்கள் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்ததும், நடமாட்டம் மிகுந்த தெருக்களில் அவர்கள் வெளியே வந்ததும் காரணமாகத் தெரிந்தன. அதே ஆண்டு ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, 1960களிலிருந்தே தொழிற்சாலை மாசுக்கு எதிராகக் கூடிப் பழகியிருந்த மனோ பகுதி மக்கள், வாளி வாளியாக நீரைக் கைமாற்றித் தீயைக் கட்டுப்படுத்தினார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், அவர் கதவை இன்று தட்டுவது யார் என்ற பட்டியல் கோடைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். உங்களைப் போன்ற ஒரு மருத்துவர் யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்திக் கொடுத்தால் பெரிய உதவி.

கேள்வி (ஒரு தன்னார்வலர்): எல்லா வேலையும் இரண்டு பேர் தலையிலேயே விழுகிறது.

அவர்கள் விலகினால் எல்லாம் நின்றுவிடும் என்றால் அது இன்னும் வலைப்பின்னலாக ஆகவில்லை. எழுதும் பொறுப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையவர் புதியவரோடு ஒரு முழுச் சுற்று நடந்து ஒப்படைக்கட்டும்.

கேள்வி (நகரமைப்பு மாணவி): ஆய்வேட்டுக்காக ஒரு குடியிருப்பில் தகவல் சேகரிக்கப்போகிறேன். அவர்களுக்குச் சுமையாகாமல் எப்படிச் செய்வது?

பல குடியிருப்புகளில் மக்கள் ஆய்வாளர்களைக் கண்டாலே சலிப்படைகிறார்கள். வந்தவர்கள் கேட்டுப் போனார்கள், யாரும் திரும்பி வரவில்லை. கொடுத்தவரிடம் திரும்பாத தகவலை நான் வசூல் என்றே கருதுகிறேன். எனவே, போகும் முதல் நாளே திரும்பி வரும் நாளையும் குறித்துச் சொல்லுங்கள் மகளே. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்பு, நீங்கள் வரைந்ததையும் எழுதியதையும் அவர்கள் மொழியில், பெரிய எழுத்தில் எடுத்துச் சென்று தரையில் விரித்து, ‘எங்கே தவறு?’ என்று கேளுங்கள். ஒருவர் அல்ல, பலர் குனிந்து விரல் வைப்பார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்த பிறகு முதல் பிரதியை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டாவது பிரதியைக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.