கடன் வாங்கி லண்டன் போகலாமா? ஊடக மாணவர்கள் கேள்வி - பதில்

கேள்வி: பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாமாண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம். சென்னையில் யாரையும் தெரியாது. நிறைய சேனல்களுக்கு மெயில் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. ஆள் தெரிந்தால்தான் கிடைக்குமா?

பதில்: ஆள் தெரிந்தால் சுலபம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் மெயிலையும் கொஞ்சம் பார்ப்போம். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் பயிற்சி பெற வாய்ப்பு வேண்டி’ என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருந்து பேச்சுப்போட்டிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் இணைத்து வருகிற மெயிலை, அடுத்த புல்லட்டினுக்கு ஓடிக்கொண்டிருக்கிற செய்தி ஆசிரியர் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எட்டு வரி போதும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வருவீர்கள், கேமரா வருமா எடிட்டிங் வருமா, செய்த வேலைகளில் உருப்படியான இரண்டின் லிங்க், அப்புறம் உங்கள் மாவட்டத்தில் இருந்து மூன்று செய்தி யோசனைகள். ‘தாமிரபரணி மாசு’ என்று எழுதாதீர்கள், அது வெறும் தலைப்பு. ஆற்றில் எந்த இடத்தில் சாக்கடை கலக்கிறது, அதற்குக் கீழே எந்த ஊர்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கின்றன, அங்கே பேசத் தயாராக இருப்பது யார் என்று எழுதினால்தான் அது செய்தி யோசனை.

சென்னைதான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? உங்கள் மாவட்ட நிருபர் ஒருவரோடு ஒரு மாதம் சுற்றுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு நிற்கிறவர்களிடம் பேசி, அந்தக் கூட்டத்தில் எந்த மனு செய்தி, எது வழக்கமான பட்டா விவகாரம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஏசி ஸ்டுடியோவில் டெலிபிராம்ப்டர் தள்ளிக்கொண்டு நிற்பதைவிட அது ரொம்ப மேல். கல்லூரிக்கு வேண்டிய கடிதத்தை அந்தப் பத்திரிகையின் பதிப்பு அலுவலகமே தரும், துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல வருடங்களாக நடக்கிறது. எந்தப் பாடம் படிக்கிறவரும் விண்ணப்பிக்கலாம், அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். கிராமத்துக் கதைகளில் ஆர்வம் என்றால், பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்கிற ஊரக இந்திய மக்கள் காப்பகத்தைப் பாருங்கள். மாணவர்கள் எழுதுவதை எடிட் செய்து வெளியிடுகிறார்கள், தமிழிலும் வருகிறது. அவர்களுடைய எடிட்டிங் கறாராக இருக்கும், ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: ஒரு மீடியா நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கு 6,000 ரூபாய் கட்டச் சொல்கிறது. சான்றிதழும் ஐ.டி. கார்டும் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வேலை செய்யப்போவது நீங்கள், பணமும் நீங்களே கொடுப்பீர்களா? சம்பளம் தராத இன்டர்ன்ஷிப் நம் ஊரில் சகஜம், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இது சான்றிதழ் வியாபாரம்.

கேள்வி: கோவையில் பி.ஏ. இதழியல் இறுதியாண்டு. பிரிட்டனில் ஒரு வருட எம்.ஏ. ஜர்னலிசம் படிக்க 30 லட்சம் ஆகும், வீட்டை அடமானம் வைத்து லோன் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறார். கன்சல்டன்சிக்காரர் ‘பார்ட் டைம் வேலை பார்த்தே அடைத்துவிடலாம்’ என்கிறார். உண்மையா?

பதில்: தம்பி, அந்தக் கன்சல்டன்சிக்காரருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கும். அவர் ‘போகாதே’ என்று சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்: இப்போது போகாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் வாடகையும் சாப்பாடும் ஓடினாலே பெரிய விஷயம். இன்னொன்று, இதழியல் மாணவர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாதது: அந்த விசாவில் சுயதொழில் கூடாது. ஃப்ரீலான்ஸாக, அதாவது எந்த நிறுவனத்திலும் வேலைக்குச் சேராமல், கட்டுரை எழுதிச் சம்பாதிப்பதும் அதில்தான் வரும். அதாவது நீங்கள் படிக்கப் போகிற தொழிலில் மிகச் சாதாரணமான வருமான வழியே அடைபட்டிருக்கும். உணவகத்தில் தட்டு கழுவலாம், பத்திரிகைக்கு ஃப்ரீலான்ஸ் எழுத முடியாது!

படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தனி விசா உண்டு. இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் அங்கேயே இருக்க, வேலை கொடுக்கும் நிறுவனம் உங்கள் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்ய வேண்டும், அதற்கு 2025 ஜூலை முதல் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வரம்பு கொஞ்சம் குறைவு, இருந்தாலும் ஒரு சிறிய உள்ளூர்ப் பத்திரிகை புது நிருபருக்கு அந்தச் சம்பளமும் கொடுத்து, ஸ்பான்சர் செலவும் ஏற்றுக்கொண்டு, வெளிநாட்டுக்காரரை எடுக்கும் என்று நம்பி வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

படிக்கவே போக வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு வருடம் கழித்துப் போங்கள் என்கிறேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அது கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். முழுநேர வேலை என்று இல்லை, இன்டர்ன்ஷிப்பும் தன்னார்வப் பணியும் சேரும். ஆகவே செய்கிற எந்த வேலைக்கும் தேதி, மணிக்கணக்கு, மேலதிகாரி பெயர் போட்ட கடிதம் வாங்கி வையுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, லண்டனிலேயே தங்கிவிடுகிற எண்ணம் இருந்தால் இது உங்களுக்குச் சரிப்படாது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகை மூன்று வருட அனுபவம் கேட்கிறது. பெரிய உதவித்தொகைகளில் பலவும் இப்படித்தான், வேலை பார்த்தவரைத்தான் தேடுகின்றன.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். வருமான வரம்பும் பாடப் பட்டியலும் உண்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கிற படிப்பு அதில் வருகிறதா என்று அட்மிஷன் போடுவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரிப் பத்திரிகையில் எழுதியது எல்லாம் தமிழில்தான். முழு உதவித்தொகையோடு ஐரோப்பாவில் படிக்க அவளுக்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைத் திட்டத்தில் இதழியலுக்கென்றே இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முதல் வருடம் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், இரண்டாம் வருடம் எடுக்கும் சிறப்புப் பாடத்தைப் பொறுத்து ஆம்ஸ்டர்டாம், பிராக், மியூனிக் மாதிரியான ஊர்களில். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கைக்கு வரும். உலகம் முழுக்க இருந்து போட்டி, அதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை.

ஆங்கிலத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. ஆனால் தமிழில் எழுதியதை மறைக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டுரை லிங்க்குக்கும் கீழே நான்கு வரி ஆங்கிலச் சுருக்கம்: என்ன கண்டுபிடித்தாள், எத்தனை பேரிடம் பேசினாள், வெளியான பின் ஏதாவது நடந்ததா. ‘சிறுவயது முதலே எனக்கு எழுத்தில் ஆர்வம்’ என்று நோக்கக் கடிதத்தை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவது) தொடங்கினால் மட்டும் அவளைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது சரிதான். ஆனால் விசாவுக்கு முன் ‘பிளாக்டு அக்கவுன்ட்’ கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், சுமார் 12 லட்சம் ரூபாய். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும், என்றாலும் முதலில் புரட்ட வேண்டுமே. இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். அதை வாங்கவே சில வாரங்கள் ஆகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

கேள்வி: படிப்பெல்லாம் வேண்டாம், வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் மட்டும் போக வழி இருக்கிறதா? ஐ.நா.வில் எடுப்பார்களாமே?

பதில்: எடுப்பார்கள். ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப் இரண்டு முதல் ஆறு மாதம், சம்பளம் கிடையாது. டிக்கெட், விசா, நியூயார்க் வாடகை எல்லாம் நம் கையில் இருந்துதான், ஆக வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது கட்டுப்படியாகும். மற்றபடி வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் விசா கொடுத்து நம் கல்லூரி மாணவரைக் கூப்பிடுவது அபூர்வம், அவர்களுடைய டெல்லி அலுவலகத்தில் முயல்வது நடக்கிற காரியம். சுற்றுலா விசாவில் போய் அங்கே இன்டர்ன்ஷிப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.