கிணத்தடி மோட்டர்: திருத்துவதா, மாத்துவதா?

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கட ஒரு குதிரைவலு மோட்டருக்கு 11 வயசு. ஒரு கிழமையா சுவிச்சைப் போட்டா ‘உம்’ எண்டு இரையுது, சுத்துதில்லை. பார்க்க வந்தவர் மூடியைக் கூடக் கழட்டாமல், “கொயில் எரிஞ்சிட்டுது, புதுசு வாங்குங்கோ” எண்டுட்டார். வாங்கத்தான் வேணுமோ?
– வாசகி, உரும்பிராய்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். கொயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) எரிந்தால் பெரும்பாலும் கருகல் மணம் வரும், அல்லது ட்ரிப் சுவிச் விழும், அல்லது மோட்டர் சத்தமே போடாது. மணமில்லாமல் இரைந்துகொண்டு நிற்கிற மோட்டரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கெப்பாசிற்றரை, அடுத்தது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகிப்போனதை. ஆனால் இரைய விட்டுவிட்டு நின்று பார்க்காதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டர் வழமையைவிட நாலைந்து மடங்கு கரண்டை இழுக்கும். கொயில் அதுவரை எரியாமல் இருந்தாலும் அப்போது எரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்க விசிறி மூடியை எடுங்கள். விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சில மோட்டர்களில் தண்டின் நுனியில் ஸ்குரூ டிரைவர் வைத்துத் திருப்ப ஒரு வெட்டும் இருக்கும். லேசாகச் சுற்றினால் குற்றம் கெப்பாசிற்றரில். அசையவே மறுத்தால் இம்பெல்லரில். சுற்றும்போது கரகரத்தால், அல்லது தண்டு மேலும் கீழும் ஆடினால், தண்டைத் தாங்கும் பெயாரிங்கில்.

கெப்பாசிற்றரைக் கழற்ற முன்னம் அதிலுள்ள மின்னை இறக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் முட்டவைத்துப் பொறி பறக்கவிடுவது கெட்ட பழக்கம். ஒரு குண்டு பல்ப் ஹோல்டரின் இரண்டு வயரையும் முனைகளில் சில விநாடி பிடித்தால் போதும். அதன் மேல் 20 மைக்ரோபரட், 450 வோல்ட் என்பது போல எழுதியிருக்கும். கெப்பாசிற்றர் அளக்கும் மல்ரிமீற்றரில் 19க்கும் 21க்கும் இடையில் காட்டினால் நல்லது. 16, 15 என்று காட்டினால் அதைத் தூக்கிப் போடலாம். புதிதாகப் போடுவது அதே மைக்ரோபரட்டாக இருக்க வேண்டும். வோல்ட் கூடினால் பாதகமில்லை, குறையக் கூடாது. “கொஞ்சம் பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்” என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கெப்பாசிற்றரோடு சேர்ந்த துணைக் கொயில் சூடேறிக் கெடும்.

காலையில் ஓடி, பின்னேரம் ஓட மறுக்கிற மோட்டர்களுக்கும் இதே விளக்கம்தான். மோட்டரின் இழுவை (சுற்றும் பலம்) வோல்டின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட் 190க்கு இறங்கினால் இழுவை மூன்றில் இரண்டு பங்குதான். நலிந்த கெப்பாசிற்றர் காலையில் தப்பிவிடும், லைன் தாழ்கிற நேரத்தில் அகப்பட்டுவிடும்.

இம்பெல்லர் இறுகியிருந்தால் காரணம் எங்கள் தண்ணீர். சுண்ணக்கல்லில் ஊறி வருகிற தண்ணீர் கேத்திலுக்குள் படிய வைக்கிற அதே வெள்ளைப் படை பம்புக்குள்ளும் படிகிறது. வீடு பூட்டி இரண்டு மூன்று மாதம் ஓடாமல் கிடந்தால் துருவும் சேர்ந்து ஒட்டிப் பிடிக்கும். முன்மூடியின் ஆணிகளைக் கழற்றி, பித்தளை இம்பெல்லரை வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். குடம் மினுக்குகிற பழப்புளியும் காணும். சுத்தியலால் தட்டினால் தண்டு வளையும். அரத்தாள் போட்டுத் தேய்த்தாலும் கெடுதிதான்: இம்பெல்லருக்கும் மூடிக்கும் இடையில் ஒரு மயிரளவு இடைவெளிதான், அது அகன்றால் தண்ணீர் ஏறாது.

இவ்வளவும் சரியாக இருந்து, கொயில்தான் எரிந்தது என்று தெரிந்தால் மட்டும் மாத்துகிற கதையை எடுக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காமல், 500 வோல்ட் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) கொண்டு கொயிலுக்கும் உடம்புக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே நின்றால் கொயில் ஈரமாகியிருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது. ஈரம் காய வைத்தும் ஏறாவிட்டால் கெட்டதேதான்.

பழையது செப்புக் கொயில், கனத்த வார்ப்பிரும்பு உடம்பு என்றால் கொயிலை மறுபடி சுற்றிப் போடுவதே நல்லது என்போம். மலிவாக வருகிற புதியவற்றில் பலதில் அலுமினியக் கொயில். கணக்கைப் பார்க்கும்போது சுற்றுக்கூலியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வயதில் இரண்டு பெயாரிங்கும், தண்ணீர் ஒழுகாமல் காக்கும் சீலும் சேர்த்தே மாத்த வேண்டியிருக்கும். எல்லாம் கூட்டி அதே தரமுள்ள புது மோட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதை வாங்குங்கள். சுற்றக் கொடுத்தால் அதே தடிப்புக் கம்பி, அதே சுற்று எண்ணிக்கை என்று முதலே பேசிவிடுங்கள். திருப்பி எடுக்கும்போது தண்ணீர் இறைக்கவிட்டு, கிளாம்ப் மீற்றரால் அம்பியரை அளந்து பெயர்த்தகட்டோடு ஒப்பிடுங்கள். தகட்டில் 5 என்றிருக்க 7 இழுத்தால் வேலை சரியில்லை.

ஏன் எரிந்தது என்று தெரியாமல் மட்டும் புதியதைப் பூட்டாதீர்கள். பழையதை எரித்த காரணம் கிணத்தடியிலேயே இருந்தால் புதியதும் எரியும்.

கேள்வி: மோட்டருக்கும் பம்புக்கும் நடுவில தண்ணி சொட்டுது. வாங்கி மூண்டு வருசம், போன வருசம் மட்டும் ரெண்டு தரம் சீல் மாத்தியாச்சு. மோட்டரே பிழையோ?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மோட்டரில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருந்து தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வைப் பாருங்கள்.

சீல் என்பது கரி வளையமும் பீங்கான் வளையமும் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு நிற்பது. அந்த உரசலைக் குளிரவைப்பது பம்புக்குள் இருக்கும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறிக் கரி வெடிக்கும், றப்பர் கருகும். ஒரு வருடத்தில் இரண்டு சீல் போயிருந்தால் பம்பு அடிக்கடி வெறுமையாக ஓடுகிறது என்றே கொள்ளலாம்.

மோட்டரை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து, தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். தாங்கிக்கு ஏறும் குழாயில் வால்வ் இருந்தால் அதை முதலில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் உங்களை ஏமாற்றும். மட்டம் இறங்கியிருந்தால் புட்வால்வில் கல்லோ பாசியோ சிக்கியிருக்கிறது, அல்லது கிணற்றுக்கு இறங்கும் குழாயின் மூட்டு காற்றெடுக்கிறது. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும்போது புட்வால்வ் வெளியே தெரிகிறதா என்றும் கவனியுங்கள். அது தண்ணீருக்குள் ஒரு அடியாவது தாழ்ந்து, கிணற்றின் அடியிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். மேலே வைத்த பம்பு உறிஞ்சும் ஆழம் கணக்குப்படி 10.3 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர். அதற்குக் கீழே தண்ணீர் போனால் எந்தப் புது மோட்டரும் உறிஞ்சாது.

புது சீலைப் பூட்டும்போது உரசும் முகத்தில் விரல் படக்கூடாது, கிறீசும் பூசக்கூடாது. றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். தண்டில் சீல் இருக்கும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். சின்ன மோட்டரில் தண்டோடு ரோட்டரும் சேர்த்து மாத்துவதைவிடப் புதியது இலாபம். ஒழுக்கை அப்படியே விடவும் வேண்டாம். தண்ணீர் முன் பெயாரிங்குக்குள் போகும், ஒரு மாதத்தில் அது கத்தும், பிறகு கொயில்.

கேள்வி: 1000 லீற்றர் தாங்கி முந்தி 35 நிமிசத்தில நிரம்பும். இப்ப 80 நிமிசம். மோட்டர் ஓடுதுதானே எண்டு விடலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: விட்டால் கரண்ட் பில்லில் கட்டுவீர்கள். ஒரு குதிரைவலு மோட்டர் லைனில் இருந்து ஏறத்தாழ 1.1 கிலோவாற் இழுக்கும் என்று வைத்தால், 35 நிமிடத்துக்கு 0.64 யூனிற், 80 நிமிடத்துக்கு 1.47 யூனிற். நாளுக்கு ஒரு தாங்கி என்றால் மாதம் சுமார் 25 யூனிற் வீண். அதுவும் உங்கள் பில்லின் கடைசி, விலை கூடிய யூனிற்றுகளாகத்தான் விழும்.

இம்பெல்லரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். புட்வால்வின் வலையைக் கழுவுங்கள். தாங்கிக்குள் விழுகிற தண்ணீரில் குமிழி வந்தால் உறிஞ்சு குழாயில் காற்று. பழைய இரும்புக் குழாயாக இருந்தால் உள்விட்டம் படிவால் பாதியாகியிருக்கும். இவை ஒன்றுமில்லையென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மணல் வருகிற கிணற்றில் இது வழமை. இம்பெல்லர் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாத்தலாம், மூடியின் உட்பக்கமும் அரிந்து போயிருந்தால் புது மோட்டர்தான்.

கேள்வி: மோட்டரில கை பட்டா லேசாக் கரண்ட் அடிக்குது. நல்லாத்தான் ஓடுது.
– வாசகி, கரவெட்டி

பதில்: இண்டைக்கே நிறுத்துங்கள். ஈரக் கிணத்தடியில் ‘லேசாக’ என்று ஒன்றில்லை. ஏர்த் வயர் அறுந்திருக்கும், கொயிலும் உடம்பில் முட்டியிருக்கும். இரண்டையும் மின்வேலை தெரிந்தவர் பார்க்கட்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து வயர் இழுத்திருந்தால் உடனே கழற்றுங்கள். மாரி வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரையும் காய வைத்து மெகர் பார்க்காமல் போடக்கூடாது.

கேள்வி: மாத்திறதெண்டு முடிவெடுத்தாச்சு. முந்தி அரை, இப்ப ஒண்டரை குதிரைவலு போடலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: அரை போதுமாக இருந்த வீட்டுக்கு ஒன்றரை வேண்டாம். கிணறு ஊறுவதைவிட வேகமாக இறைத்து வெறுமையாக ஓடும். கோடைத் தண்ணீர் மட்டத்திலிருந்து தாங்கியின் வாய் வரை மீற்றரில் அளந்து, குழாய் உராய்வுக்கு நாலில் ஒரு பங்கு கூட்டுங்கள். 12 மீற்றர் என்றால் 15. தகட்டில் 40 மீற்றர், நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. 40 மீற்றர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. பெட்டியிலுள்ள வரைபில் 15 மீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று பார்த்து வாங்குங்கள்.

பழையதை இரும்புக்காரருக்குக் கொடுக்கும்போது செப்புக்கும் இரும்புக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். கெப்பாசிற்றர் நல்லதாக இருந்தால், புதியதற்கும் அதே அளவுதானா என்று பார்த்துக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.