மழை பெய்யும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன விஞ்ஞானம் செய்து காட்டலாம்?

கேள்வி: ஹட்டன் நகரில் இருக்கிறோம். மகள் தரம் 4, மகன் தரம் 8. ஆகஸ்ட் விடுமுறை முழுக்க மழை என்பதால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். விஞ்ஞான முகாம் என்று கேள்விப்படுவதெல்லாம் கொழும்பில்தான். ரோபோ செய்யும் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்கிறான் மகன். அந்த விலைக்கு வாங்குவது பிரயோசனமா, அல்லது வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: ரோபோப் பெட்டியை இந்த விடுமுறைக்கு வாங்க வேண்டாம். படத்தைப் பார்த்து ஆணியைத் திருகி முடித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் அதை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு மின்சுற்று ஏன் வேலை செய்கிறது, ஏன் செய்யவில்லை என்று தேடிப் பழகிய பிள்ளைக்கே அது பயன்படும். அந்தப் பழக்கத்துக்கு வேண்டியது உங்கள் ஊரிலேயே இருக்கிறது: மழை, உயரம், தேயிலை. விடுமுறை முழுக்க நாளுக்கு ஐந்து நிமிடம் எடுக்கும் வேலை ஒன்றும், அடைமழை நாட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் சிலதும் போதும்.

முதலில் மழைமானி. 1.5 லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். நடுவில் இடுப்புப் போல் ஒடுங்கியது ஆகாது. பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். மேல் பகுதி நேராகும் இடத்தில் வெட்டி, மூடியைக் கழற்றி, வெட்டிய துண்டைத் தலைகீழாகக் கீழ்ப் பகுதிக்குள் புனல்போல் இறக்குங்கள். வெட்டும் வேலையைப் பெரியவர் செய்யட்டும். விளிம்பை டேப்பால் சுற்றுங்கள். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் அங்கே அளக்க முடியாது. கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். கல் பாரமாகவும் இருக்கும், காற்றில் போத்தல் சாயாது. பூச்சியத்திலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறித்தால் மானி தயார். போத்தலின் வெட்டிய வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் வேறு கணக்கு வேண்டாம்.

பெரும்பாலான பிழைகள் இடத்தில்தான் வருகின்றன. தாழ்வாரத்துக்குக் கிட்ட வைத்தால் கூரைத் தண்ணீரும் சேர்ந்துவிடும். சுவருக்கு அருகில் வைத்தால் சாரல் ஒரு பக்கம் மறைந்து அளவு குறையும். போத்தல் வாயைவிடச் சுவர் 3 மீற்றர் உயரமென்றால் குறைந்தது 6 மீற்றர் தள்ளி வையுங்கள். நெருக்கமான நகர வீட்டில் அப்படி இடம் இல்லையென்றால் மொட்டைமாடியின் நடுவில் வைக்கலாம். ஓரத்தில் காற்று சுழன்று மழையை அடித்துக்கொண்டு போய்விடும். தரையில் வைத்தால் தெறிக்கும் துளிகள் விழாதபடி வாய் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும்.

தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணித்தியால மழையை அந்த நேரத்தோடுதான் கணக்கிடுகிறது. அதனால் செய்தியில் வரும் அளவோடு மகள் தன் அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, நீர்ப்பரப்பின் குழிந்த அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகும். அளந்ததும் பூச்சியக் கோடு வரை மட்டும் தண்ணீரை விட்டு மீதியைக் கொட்ட வேண்டும். மழையில்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்ட நாள் பின்னர் குழப்பும்.

1 மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். 40 சதுர மீற்றர் தகரக் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். இந்தக் கணக்கை மகளே போட்டுப் பார்க்கட்டும். மகன் தினசரி அளவுகளைக் கணினியில் வரைபடமாக்கி, காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாயும் செய்தி வந்தால் அதற்கு முந்திய நாட்களில் எவ்வளவு பெய்தது என்று பார்க்கலாம். இன்னொன்றையும் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது மண்சரிவுப் பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயன்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் போத்தலில் 60தான் காட்டுகிறது என்று யாரும் இருந்துவிடக் கூடாது. எச்சரிக்கை வந்தால் உடனே கிளம்ப வேண்டும்.

மகனுக்கு அடுத்த வேலை, மழை விழுந்ததும் கத்தும் மணி. கொடியில் காயும் துணிக்கு இது உண்மையிலேயே உதவும். 9 வோல்ற் பற்றரி, பிசி 547 டிரான்சிஸ்டர், 1 கிலோஓம் தடையி, 470 ஓம் தடையி, சிவப்பு எல்.ஈ.டி., ஒரு பிரெட்போர்ட் (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை), சிறு துண்டு வெரோபோர்ட் (செப்புப் பட்டைகள் வரிசையாக உள்ள பலகை) வேண்டும். டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, கால்களைக் கீழே பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பற்றரியின் நேர் (+) முனையிலிருந்து 470 ஓம், எல்.ஈ.டி. வழியாக கலெக்டருக்கு ஒரு பாதை. எமிட்டரிலிருந்து பற்றரியின் மறை (−) முனைக்கு ஒரு வயர். நேர் முனையிலிருந்து வெரோபோர்ட்டின் ஒரு செப்புப் பட்டைக்கு ஒரு வயர்; அடுத்த பட்டையிலிருந்து 1 கிலோஓம் வழியாக பேஸுக்கு இன்னொரு வயர். இரண்டு பட்டைக்கும் நடுவில் துளி விழுந்ததும் மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குள் போகும். டிரான்சிஸ்டர் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் கலெக்டர் வழியாக விடும். 1 கிலோஓமை விட்டுவிடாதீர்கள். பட்டைகள் தவறித் தொட்டுக்கொண்டால் டிரான்சிஸ்டரைக் காப்பது அதுதான்.

முதலில் உப்புத் தண்ணீரால் சோதித்து, பிறகு மழைத் தண்ணீருக்குப் போங்கள். மழைத் தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் குறைவாகவே கடக்கும். வெளிச்சம் மங்கினால் பட்டைகளின் இடைவெளி அதிகமாக இருக்கலாம். எரியவே இல்லையென்றால் எல்.ஈ.டி.யின் நீண்ட கால் நேர்ப் பக்கம்தானா, டிரான்சிஸ்டர் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்ததும் எல்.ஈ.டி.யையும் 470 ஓமையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் 12 வோல்ற் வரை தாங்கும் பஸரை வைக்கலாம். மின்சாரம் கொடுத்ததும் தானே ஒலிக்கும் வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மலைநாட்டில் இதற்கு ஒரு தொல்லை உண்டு: பனிமூட்டம் பட்டையில் படிந்து, மழையில்லாமலே கத்தும். வெரோபோர்ட்டை 45 பாகை சாய்த்து, பட்டைகள் மேலிருந்து கீழாக இருக்கும்படி வைத்தால் ஈரம் ஓடிவிடும். நேர்ப் பக்கப் பட்டை சில நாளில் பச்சையாக அரிக்கும். பட்டையில் சேரும் இரண்டு வயரையும் வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

உயரத்தைக் காட்ட ஒரு சிறு வேலை. ஃபார்மசியில் ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்குங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து 70 பாகை அளவுக்கு ஆறவிட்டு, 3 மில்லிலீற்றர் இழுத்து, காற்றை வெளியேற்றி, நுனியைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, தண்டைப் பலமாக இழுங்கள். அடுப்பில்லாமலே குமிழி எழும்பிக் கொதிக்கும். கொதிக்கவைக்காத தண்ணீரென்றால் முதலில் வருவது கரைந்திருந்த காற்று. அது கொதிப்பு அல்ல. அமுக்கம் குறையக் கொதிநிலையும் குறையும். அதனால்தான் ஹட்டனில் தண்ணீர் சுமார் 96 பாகையிலும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதிக்கிறது, கிழங்கும் கடலையும் வேக அதிக நேரம் எடுக்கின்றன. அடுப்பில் அளக்க விரும்பினால் 110 பாகை வரை காட்டும் ஆய்வுகூட வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போட்டால் வெடித்துவிடும்.

மகளுக்குத் தேயிலை மை. ஐந்தாறு இரும்பு ஆணிகளை அரைக் கோப்பை வினாகிரியில் மூன்று நாள் ஊறவிடுங்கள். நாகம் (சிங்க்) பூசிய பளபளப்பான ஆணி வேண்டாம், அதில் கறுப்பு வராது. ஐதரசன் வாயு வருவதால் மூடியை இறுக்காதீர்கள், அடுப்பருகிலும் வைக்காதீர்கள். இரண்டு தேக்கரண்டி டஸ்ட் தேயிலையை அரைக் கிளாஸ் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, ஆறியதும் ஆணி ஊறிய நீரைத் துளித்துளியாக விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துளியும் விழும் இடத்தில் சிவந்த சாயத்துக்குள் கரும்புகைபோல் சுருண்டு இறங்கும். பத்துப் பதினைந்து துளியில் முழுதும் கறுக்கும். அதற்கு மேல் விட்டால் வினாகிரியின் புளிப்பால் நிறம் வெளுக்கத் தொடங்கும். ஈர்க்குச்சியால் எழுதினால் முதலில் சாம்பல் நிறமாக இருக்கும், காற்றுப் பட்டு மறுநாள் கறுப்பாகும். தேயிலையில் துவர்ப்பைத் தரும் தனின் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதுதான் இது. சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வது குறைவதும் இதனால்தான். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். இந்த மையைக் குடிக்கக் கூடாது, எழுதும்போது பழைய சட்டை போடட்டும். துணியில் பட்டால் சவர்க்காரத்துக்குப் போகாது; ஈரம் காயுமுன் தேசிக்காய் தேய்த்தால் ஓரளவு போகும்.