பந்தய அணிகள் ஓட்டுபவருக்கு ஏற்றபடி பைக்கை எப்படி செட் செய்கின்றன? கணினி சொல்வதைக் கேட்பார்களா, ஓட்டுபவர் சொல்வதையா?

இதைக் கேட்டவர் அநேகமாக மோட்டோஜிபி பைக் பந்தயம் பார்த்திருக்கிறார். இல்லையென்றால் என்னைப்போல யாருக்கோ பைக் செட் செய்து கொடுத்து ஏச்சு வாங்கியிருக்கிறார். இரண்டாவது ஆளென்றால் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். சொக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) எவ்வளவு அமுங்கியது, திறொட்டில் (வேகம் கூட்டும் கைப்பிடி) எவ்வளவு திறந்தது, பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் எல்லாவற்றையும் பைக்கில் உள்ள சென்சர்கள் பதிந்துகொண்டே இருக்கும். மோட்டோஜிபியில் பைக் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தரவு அணி நிற்கும் பிட்டுக்கு வராது, திரும்பி வந்த பிறகுதான் இறக்கிப் பார்க்கலாம். அதற்குள் அணியின் தலைமை மெக்கானிக் ஓட்டுபவரிடம் கேட்டுவிடுவார்: எந்த வளைவு? பிரேக் பிடிக்கும்போதா, நடுவிலா, திறொட்டில் திறக்கும்போதா? அந்தப் பதிலை வைத்துத்தான் கணினியில் எந்த இடத்தைத் தேடுவது என்று தெரியும். ஆக, இரண்டும் வேண்டும், ஆனால் வாய் முதலில்.

ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதற்கு டுகாட்டி பைக்கைப் பாருங்கள். கேசி ஸ்டோனர் 2007இல் அதில் உலக சம்பியன், 2010இலும் 3 பந்தயம் வென்றார். அடுத்த ஆண்டு, ஏற்கெனவே பலமுறை உலக சம்பியனான வலென்டினோ ரொஸ்ஸி தன் பழைய தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் கூட்டிக்கொண்டு டுகாட்டிக்கு வந்தார். 2011, 2012 இரண்டு பருவத்திலும் ஒரு வெற்றிகூட இல்லை. ரொஸ்ஸிக்கு ஓடத் தெரியாது என்று யாராவது சொல்வீர்களா?

இனி என் கதை. எனக்கு மட்டக்களப்பில் கராஜ். அக்கா மகனுக்கு மோட்டோகுரொஸ், அதாவது மண் தடத்தில் மேடு தாண்டி ஓடும் பைக் பந்தயம், என்றால் ஆசை. பழைய 125 டிரெயில் பைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். எங்களுக்கேது தடம்? படுவான்கரையில் மாரிப்போகம் அறுத்த மானாவாரி வயல்தான் தடம், வரம்புதான் மேடு. பந்தய பைக் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முன்சில்லைத் தாங்கும் போர்க்கில் தடித்த 20ஆம் நம்பர் எண்ணெய் ஊற்றினேன், பின் சொக் இரண்டையும், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ஐந்து படியில் நான்காவதில் வைத்தேன். “மாமா, முன்சில்லு துள்ளுது, பிடிக்குதில்ல” என்றான். “ஓடி ஓடிச் சரிவரும், போ” என்றேன். மூன்றாம் நாள் வரம்பில் ஏறி இறங்கும்போது விழுந்து தோளெலும்பில் வெடிப்பு. அக்கா மூன்று கிழமை என்னோடு பேசவில்லை.

மறுகா ஏறாவூரில் ஒரு வயதான மெக்கானிக் நானாவிடம் பைக்கைக் கொண்டு போனோம். அவர் பைக்கைப் பார்க்கவேயில்லை. அவனைப் பார்த்து, “தம்பி எத்தின கிலோ?” என்றார். 52. பைக்கை விற்றவர் 80க்குக் குறையாத ஆள். போர்க்கைத் திறந்தால், ஸ்பிரிங்குக்கு மேலே பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று வேறு கிடக்கிறது, அந்த ஆள் தன் பாரத்துக்கு வைத்தது. வாங்கி இரண்டு மாதம், எனக்கு அது தெரியாது. எண்ணெயை மாற்றும்போது வடித்துவிட்டு ஊற்றினேனே தவிர உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை.

நானா ஒரு கேபிள் டையைப் போர்க் குழாயில் கட்டி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலோடு முட்டக் கீழே தள்ளிவிட்டார். போர்க் அமுங்க அமுங்க அது மேலே ஏறி, கூடுதலாக அமுங்கிய இடத்தில் நின்றுவிடும். தோள் சுகமான பிறகு அவனை ஒரு சுற்று விட்டுப் பார்த்தால், வரம்பெல்லாம் தாண்டியும் டை ஏறியது நான்கு விரல்தான். எண்ணெயை 10க்கு இறக்கினோம், ஒரு சுற்று. குழாய்த் துண்டில் ஒரு அங்குலம் வெட்டினோம், இன்னொரு சுற்று. பின் சொக்கை முதல் படிக்கு. ஒவ்வொன்றாகத்தான், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிவந்தது என்று எப்படித் தெரியும்? கடைசியில் டை ஒரு சாணுக்குக் கிட்ட ஏறியது. அவனும் துள்ளுது என்ற சொல்லை விட்டுவிட்டான்.

படியைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகாது, பைக்கின் உயரம்தான் மாறும் என்று யாராவது கீழே எழுதப் போகிறீர்கள். தெரியும் ஐயா. மென்மையான ஸ்பிரிங் வாங்கிப் போடுவதுதான் முறை. அதன் விலைக்கு எனக்கு இன்னொரு பைக் வாங்கலாம்.

விழுந்த கதை வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டு, ஓரத்துக்குக் கல்லும் கட்டையும் வைக்கிறார்கள். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இரவில் வருகிறவனுக்கு எந்த சொக் உதவும்? எங்கள் அப்பாவும் ரோட்டில் நெல் போட்டவர்தான், விவசாயியைக் குறை சொல்லவில்லை. களம் கட்டித் தந்தால் யார் ரோட்டுக்கு வரப் போகிறார்? ஆனால் கல்லை எடுக்கலாமே.

மருமகன் இப்போது வேலைக்குப் போய்ச் சாப்பிட்டு 61 கிலோ. போன கிழமை வந்து, “மாமா, திறொட்டில் திறக்கக்குள்ள பின்னுக்குக் குந்துது” என்றான். எந்த இடத்தில் என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் ஒரு படி ஏற்றினேன்.