2011 கணக்கெடுப்பில் ஒரு கிராமத்தின் மக்கள்தொகை விவரத்தை எப்படிப் படிப்பது? கூட்டிப் பார்த்தால் எழுத்தறிவு விகிதம் ஒத்துவரவில்லையே?

வகுக்கும் எண்ணில்தான் தவறு இருக்கும். எழுத்தறிவு 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. மக்கள்தொகை 2,000, அதில் 0–6 வயதுக் குழந்தைகள் 240, எழுத்தறிந்தோர் 1,232 என்று வைத்துக்கொள்வோம். 240-ஐக் கழித்து 1,760-ஆல் வகுத்தால் 70%. மொத்தத்தால் வகுத்தால் 61.6% என்று வரும். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அடுத்து எல்லை. கணக்கெடுப்பில் 'கிராமம்' என்றால் பெரும்பாலும் வருவாய்க் கிராமம். ஊராட்சியின் எல்லை வேறாக இருக்கலாம். குக்கிராமங்களுக்கு அட்டவணையில் தனி வரிசை கிடைக்காது, தாய்க் கிராமத்தோடு சேர்ந்துவிடும்.

சமூக அமைப்பைப் பொறுத்தவரை, பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். மற்ற சாதிகளின் கணக்கு இதில் இல்லை. யாராவது கிராம வாரியாகச் சொன்னால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. பட்டியல் சாதியில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே சேர்வார்கள். அதனால் கிறிஸ்தவத் தலித்துகள் அதிகமுள்ள ஊர்களில் இந்த எண் உண்மை நிலையைவிடக் குறைவாகத் தெரியும்.

தொழில் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுந்தொழிலாளர். 'பயிரிடுவோர்' என்றால் நிலச் சொந்தக்காரர் என்று பொருளில்லை. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் உழுபவரும் அதில் அடக்கம். நில உடைமையை அறிய இந்த எண் உதவாது, அதற்கு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும்.