கமடோர் 64-ல் எழுத்துச் சிதைவு: பழி ஃபைபர் மேல் இல்லை

வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணையம் இருந்தும், பழைய கமடோர் 64 கணினியின் யூசர் போர்ட்டில் (பின்பக்கத்து இணைப்புச் செருகி) மாட்டிய வைஃபை மோடம் 9600-ல் (நொடிக்கு 9600 பிட் வேகம்) குப்பை எழுத்தாகக் கொட்டுகிறது என்கிறீர்கள். இணையத் திட்டத்தை 1 ஜிபிபிஎஸ்-க்கு ஏற்றினாலும் இதேதான் வரும், காசை மிச்சம் பிடியுங்கள்.

சிக்கல் கமடோருக்குள் இருக்கிறது. அதில் சீரியல் சிப் (பிட்களை வரிசையாக வாங்கி அனுப்பும் தனிச் சிப்) கிடையாது. ஒவ்வொரு பிட்டையும் ப்ராசஸரே நேரம் பார்த்துப் பிடிக்கிறது. 9600-ல் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 103 சைக்கிள். திரையில் எட்டு வரிக்கு ஒருமுறை விக் சிப் (திரையை வரையும் சிப்) அதில் 40-க்கு மேல் பறித்துக்கொள்ளும். பிட் தவறாமல் என்ன செய்யும்? கணினிக்குள்ளேயே இருக்கும் கெர்னல் ரொட்டீன் 2400 வரைதான் தாங்கும்.

முதலில் மோடத்தையும் டெர்மினல் மென்பொருளையும் 1200-க்கு இறக்குங்கள். மோடத்தில் இருப்பது ஸிமோடம் ஃபர்ம்வேர் என்றால் அதற்கான கட்டளை ஏடிபி1200 (ATB1200). சுத்தமாக வந்தால் வயரிங் சரி. அப்போதும் குப்பை என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: யூசர் போர்ட்டின் 2-ம் பின் 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்ப்தான் தரும், மோடத்தில் உள்ள ஈஎஸ்பி8266 வைஃபை சிப் சிக்னல் அனுப்பும் நொடியில் அதைவிட அதிகமாக இழுக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டுத் மோடத்துக்குத் தனி யூஎஸ்பி சார்ஜரில் இருந்து 5 வோல்ட் கொடுங்கள். கிரவுண்டை மட்டும் சேர்த்தே வையுங்கள்.

9600-தான் வேண்டுமென்றால் யூபி9600 என்ற வயரிங் முறை தேவை. அதில் வரும் டேட்டா பி, சி, 7 ஆகிய பின்களுக்கும், போகும் டேட்டா எம், 5 பின்களுக்கும் சேர்ந்து போகும். சிசிஜிஎம்எஸ் என்ற டெர்மினல் மென்பொருளில் மோடம் வகையையும் யூபி9600 என்று மாற்றணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 38400 ஆசை இருந்தால் 6551 சீரியல் சிப் உள்ள ஸ்விஃப்ட்லிங்க் கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஆனால் 40-க்கு 25 திரையில் மொத்தமே 1000 எழுத்து, 9600-ல் சுமார் ஒரே நொடியில் நிரம்பிவிடும்.